மூன்று சொல்லுக்கு ஒரு மூச்சு

போர்வை மூட்டை பேசுகிறது. "ஏம்புள்ள, ஃபேனை நிறுத்தச் சொன்னனே, காத்து உள்ள வருது பாரு," என்கிறது. ஃபேன் எப்போதோ நின்றுவிட்டது, உள்ளே வருவது மூட்டையின் சொந்தக் காற்றுதான், சொன்னால் நம்பாது, அதனால் "நிறுத்திட்டனுங்கத்தை" என்று தேன் ஒழுகச் சொல்கிறேன். இது என் நல்லபிள்ளைக் குரல், ஆறாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தியிடமிருந்து சுட்டது, அவளே இப்போது கேட்டால் ஏமாந்துபோவாள். ஹால் நடுவே சென்னிமலைப் போர்வைக்குள் மயிலாத்தாள் அத்தை, என் அக்காவின் மாமியார், குண்டான் நிறையக் கொதிதண்ணியில் நொச்சித் தழையும் மஞ்சளும் போட்டு ஆவி பிடிக்கிறாள். காலையில் ஒரு தடவை, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஒரு தடவை. அந்த நேரத்தில் அவள் ஒரு கறுப்பு-சிவப்புக் கட்டம் போட்ட குன்று, குன்றின் உச்சியில் லேசாகப் புகை, எரிமலை மாதிரி, வெடித்தால் நன்றாகத்தான் இருக்கும். நான் அக்காவின் அறைக் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் வினோதினி அக்கா, ஏழு மாத வயிறு, கொரோனா பாசிட்டிவ், கட்டிலில் இடதுபக்கமாகப் படுத்திருக்கிறாள், படுத்திருக்கிறாள் என்றால் தலையணை மூன்றை அடுக்கி அதன்மேல் சாய்ந்திருக்கிறாள், படுத்தால் முடியவில்லையாம். "முடியல" என்று அவள் சொல்லவில்லை, "இப்படித்தான் சௌரியமா இருக்குது" என்றாள், மூன்று தலையணை அடுக்கி உட்கார்ந்து தூங்குவது எந்த ஊரில் சௌரியம் என்று நான் கேட்கவில்லை. தெருவில் தறி ஓடவில்லை. வெள்ளகோவிலில் தறிச்சத்தம் இல்லாத மத்தியானம் காது அடைத்த மாதிரி இருக்கிறது. அந்தச் சத்தம் இருந்திருந்தால் கதவுக்குப் பின்னால் நடப்பது எனக்குக் கேட்டிருக்காது. இப்போது கேட்கிறது. கேட்காமல் இருக்க வேறு எதையாவது நினைக்க வேண்டும்.

வேறு என்ன, குரல்கள். எனக்கு யார் குரலும் வரும். ஆன்லைன் வகுப்பில் கேமராவை அணைத்துவிட்டு ஆறு பேருக்கு ஆஜர் சொல்லியிருக்கிறேன், ஆறு வேறு 'எஸ் மிஸ்', கெமிஸ்ட்ரி மிஸ் அதில் ஒருத்தியைப் பார்த்து "உனக்குச் சளி பிடிச்சிருக்கா, வெந்நீர் குடி" என்று கரிசனப்பட்டாள். போன் செய்தால் முதலில் வந்து இருமிவிட்டுக் கை கழுவச் சொல்கிற பொம்பளை வருவாள். பஞ்சாயத்து ஆட்டோவில் 'பொதுமக்கள் கவனத்திற்கு' என்று ஊருக்கே இழவு சொல்கிற ஆள் வருவான். ஆனால் என் சிறந்த படைப்பு அத்தைதான். மூக்கால் ஒரு இழுப்பு, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒரு அலுப்பு, கடைசி வார்த்தையைக் கீழே போட்டுச் செருப்புக் காலால் மிதிக்க வேண்டும், அவ்வளவுதான் அத்தை. போன வாரம் சுற்றுச்சுவருக்கு இந்தப் பக்கம் குனிந்துகொண்டு பக்கத்து வீட்டு நூல்காரரிடம், "ஏனுங்க, நாளைக்கு மத்தியானம் நம்மூட்டுலதான் சோறு, வந்துருங்க" என்றேன், அந்த மனுசன் ஊரடங்கில் மாஸ்க்கும் எவர்சில்வர் தூக்குப்போசியுமாக வந்து வாசலில் நின்றார், அத்தை முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் வயிறு குலுங்குகிறது, அக்காவும் அன்றைக்குச் சிரித்தாள், ஒரே மூச்சில், நீளமாக, பல் எல்லாம் தெரிய. ஒரே மூச்சில். பார், திரும்பவும் அங்கேயே வந்து நிற்கிறேன். ஒருத்தரைப் போலப் பேச வேண்டும் என்றால் தொண்டையைப் பிடித்தால் போதாது, மூச்சைப் பிடிக்க வேண்டும், அவர்கள் எந்த இடத்தில் மூச்சு எடுக்கிறார்களோ அந்த இடத்தில் நாமும் எடுக்க வேண்டும், மீதியைக் குரல் தானே செய்துகொள்ளும். இது யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை, செய்யச் செய்யத் தெரிந்தது. காலையில் அக்கா கதவுக்குள்ளிருந்து, "மிது, கொஞ்சம் சுடுதண்ணி வெச்சுத் தர்றியா, தொண்டை காஞ்சு கெடக்குது," என்றாள். சிரிக்கட்டுமே என்று அதை அப்படியே திருப்பிச் சொன்னேன். மிது கொஞ்சம் சுடுதண்ணி. அங்கே மூச்சு. வெச்சுத் தர்றியா தொண்டை. அங்கே மூச்சு. காஞ்சு கெடக்குது. சொல்லி முடித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டு வந்தது. நான் ஓடவில்லை, குதிக்கவில்லை, அக்காவைப் போலப் பண்ணினேன், அவ்வளவுதான். அக்கா சிரிக்கவில்லை. "அப்படியேதான் இருக்குது," என்றாள், அதற்கும் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவளைப் பண்ணுகிறேன், தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரோடு சண்டைக்கு நின்று அவன் அப்பன் பாட்டன் வரைக்கும் ஒரே இழுப்பில் போய்வந்தவள், அவளைப் பண்ணும்போது எனக்குத்தான் மூச்சு போதாமல் போகும், அவளுக்கு எங்கே போனது. அத்தையிடம் போய்ச் சொன்னால், "ஏழு மாசத்துல எவளுக்கு மூச்சு வாங்காது," என்றாள். "ராசுவை வயித்துல வெச்சுக்கிட்டு நான் ரெண்டு தறி ஓட்டுனவ." ஓட்டியிருப்பாய். தறியே மூச்சு வாங்கியிருக்கும்.

சரி, குரலை நம்ப வேண்டாம், மெஷினை நம்பலாம் இல்லையா, விரலில் மாட்டுகிற அந்தக் கிளிப்பை, அதை மருந்துக்கடையில் கெஞ்சி வாங்கி வந்ததே நான்தான். சோற்றுக்கு முன்னால் அக்கா விரலில் மாட்டினேன். தொண்ணூற்றொன்று. கழற்றித் துடைத்து மாட்டினேன். தொண்ணூற்றொன்று, பிறகு தொண்ணூறு, பிறகு மனசு மாறித் தொண்ணூற்றொன்று. கதவைத் தாண்டி வராமல், மூக்கில் முந்தானையோடு நின்று அத்தை எட்டிப் பார்த்தாள். "மருதாணி வெச்ச வெரல் அப்படித்தான் காட்டும்," என்றாள். அதில் கொஞ்சம் நியாயம் இருப்பது போல ஒரு நொடி இருந்தது, அதுதான் எனக்கு ஆத்திரம், பொய் என்றால் முழுப் பொய்யாக இருக்க வேண்டும், நெயில் பாலிஷ் இருந்தால் தப்பாகக் காட்டும் என்று கடைக்காரரும் சொல்லித்தான் கொடுத்தார். அக்காவின் பத்து விரலும் நுனியில் கறுப்பாகச் சிவந்து கிடக்கின்றன, ஏழாம் மாச விருந்துக்கு வைத்த மருதாணி. சரி என்று யோசித்தேன். அதே அம்மியில் அரைத்த அதே மருதாணியை அன்றைக்கு எனக்கும் அக்காதானே வைத்துவிட்டாள், என் விரலும் அதே கறுப்பு, நகமும் அதே சிவப்பு. கிளிப்பை என் விரலில் மாட்டிக்கொண்டு அத்தை முகத்துக்கு நேராக நீட்டினேன். தொண்ணூற்றெட்டு. "இதுவும் மருதாணிதானுங்கத்தை." நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், உண்மையிலேயே நினைத்தேன், கணக்குப் போட்டுக் காட்டியாகிவிட்டது, இனி வண்டி வரும், ஆஸ்பத்திரி, ஆக்ஸிஜன். அத்தை என் விரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீ வாயாடி. உனக்கு மூச்சு எச்சாத்தான் இருக்கும்," என்றாள். குண்டானில் தண்ணி வைக்கப் போய்விட்டாள். இப்படி ஒரு பதிலை நான் எந்தக் குரலில் யோசித்தாலும் எனக்கு வராது. சில பேரைப் போலப் பேசலாம், அவர்களைப் போல நினைக்க முடியாது. அந்த மூளைக்குள் போக வழி இல்லை, எல்லாப் பக்கமும் சுவர், நடுவில் ஒரு வாட்ஸப்.

அந்த வாட்ஸப் ஆளும் எனக்கு வருவான். "அன்பு நண்பர்களே, ஓ வகை ரத்தம் என்பது இறைவன் கட்டிய இரும்புக் கோட்டை," பின்னால் ஒரு புல்லாங்குழல். அத்தை அதை எத்தனை பேருக்கு அனுப்பினாளோ. அவள் ஓ, அவள் மகன் ராசு மாமா ஓ, செத்துப்போன அவள் வீட்டுக்காரருக்கு மட்டும் பி. "அதான் அவரு போயிட்டாரு," என்று அதற்கும் கணக்கு வைத்திருக்கிறாள். அக்காவும் ஓ என்பதால்தான் ஊரே முடங்கிக் கிடக்கும்போது கட்டுச்சோத்து விருந்தை நடத்தியே தீருவேன் என்று நின்றாள். ஏழாம் மாசம் பெண் வீட்டார் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்து விருந்து வைத்துப் பெண்ணைக் கூட்டிப்போகிற முறை, எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, அதை நாலு பேர் பார்க்கவில்லை என்றால் குழந்தை வெளியே வராதோ என்னவோ. "நம்முளுது ஓ குரூப்பு, அண்டாது," என்று ஒறம்பரை சொந்தத்துக்கு எல்லாம் போன் போட்டாள். வந்தவர்களில் ஒரு மாமா இருமினார், பாக்கு புரையேறியது என்றார். அடுத்த வாரம் அம்மாவும் அப்பாவும் தாராபுரத்தில் வீட்டோடு படுத்தார்கள். விருந்தன்றைக்குக் கூட்டிப்போக வந்தவர்கள், ஊரடங்கு முடியட்டும் என்று அத்தை விடாததால் கூட்டிப்போகவில்லை, துணைக்கு இருக்கட்டும் என்று என்னை விட்டுப்போனார்கள், அப்புறம் அக்காவுக்குக் காய்ச்சல். ராசு மாமா லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டு சூரத்துக்குப் போனவர், போன் போட்டால் இந்திக்காரி பேசுகிறாள், அவளையும் நான் பண்ணுவேன், பண்ணி என்ன. இரும்புக் கோட்டை. கோட்டைக்குள்தான் என் அக்கா மூன்று தலையணை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். அதுவும் அவள் ஓ மட்டும் இல்லை, ஓ நெகட்டிவ், நானும் அதே. போன மாசம் நானும் கூடப் போன செக்கப்பில் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னது, எனக்கு அந்தக் குரல் நன்றாக வரும், சோர்வும் அன்பும் பாதிப்பாதி: "ஓ குரூப்புக்குக் கொஞ்சம் கம்மியா வருதுன்னு யாராவது ஆராய்ச்சியில சொன்னாலும் அது உங்களுக்குக் காவல் இல்லீங்கம்மா. நீங்க நெகட்டிவ், வீட்டுக்காரரு பாசிட்டிவ். குழந்தைக்கு அப்பா ரத்தம் இருந்து, அது அம்மா ரத்தத்துல கலந்துட்டா, அம்மா உடம்பு அதை எதிரின்னு நெனச்சுக்கும். அது நடக்காம இருக்கத்தான் ஏழாம் மாசத்துல ஒரு ஊசி. மறந்துராதீங்க. காய்ச்சல் வந்தா ஒளிச்சு வெக்காதீங்க, வயிறு மேல தள்ளுறதால மூச்சு ஏற்கெனவே நெருக்கமாத்தான் இருக்கும், தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ எறங்குனா யாரையும் கேக்க வேண்டாம், கெளம்பி வந்துருங்க." அத்தை இதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வார்த்தை, எதிரி. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, எனக்கும் அக்காவுக்கும் நன்றாகக் கேட்கும்படி, "என்ற பையன் ரத்தத்தோட சேராத ரத்தம்," என்றாள். "பொண்ணு பாக்க வந்தன்னிக்கு இதைச் சொல்லி இருக்கோணும்." ஜாதகம் பார்த்தார்கள், எந்தக் கூட்டம் என்று குலம் கேட்டார்கள், குலதெய்வம் கேட்டார்கள், ரத்தம் கேட்கவில்லை, அது எங்கள் தப்பாம். வீட்டுக்கு வந்து, "நெகட்டிவுனு வெளிய யாருகிட்டயும் சொல்லீராத, கொறை சொல்லுவாங்க," என்றாள். ஊசி போடவில்லை. ஊரடங்கு முடியட்டும், விருந்து முடியட்டும், காய்ச்சல் முடியட்டும்.

காய்ச்சல் முடிந்துவிட்டது, அதுதான் பயமே, நெற்றி ஜில்லென்று இருக்கிறது, மூச்சு மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. கதவில் காதை வைக்கிறேன். வைக்க வேண்டாம். வைக்கிறேன். முன்பு உள்ளே போவது ஒரு சத்தம், வெளியே வருவது ஒரு சத்தம், நடுவில் கொஞ்சம் சும்மா இருக்கும், இப்போது அந்தச் சும்மா இல்லை, ஒன்றின் வாலை ஒன்று மிதித்துக்கொண்டு போகின்றன. நான் அதைப் பண்ணிப் பார்க்கிறேன், வாயைத் திறந்து, சத்தம் வராமல், அவளோடு சேர்ந்து, உள்ளே வெளியே உள்ளே வெளியே, கொஞ்ச நேரத்திலேயே தலை கிறுகிறுக்கிறது, நான் நிறுத்திக்கொள்ளலாம், அவள் நிறுத்த முடியாது, நிறுத்தினால், நிறுத்தினால் என்று நினைக்கிறது புத்தி, நினைக்காதே என்றால் அதையே நினைக்கிறது. வயிற்றுக்குள் ஒன்று இருக்கிறதே, அது யார் மூச்சை எடுக்கும், அவளுக்கே தொண்ணூற்றொன்று என்றால் அதற்கு எவ்வளவு மிஞ்சும். ரத்தம் தேவைப்பட்டால் யாரிடம் போவது, அம்மாவும் அப்பாவும் படுக்கையில், எனக்கு அதே ரத்தம்தான், ஆனால் பதினெட்டு ஆகவில்லை, எடுக்க மாட்டார்கள், அறுபது பேர் குரல் வைத்திருக்கிறேன், ஒரு வயசைக் கூட்டிச் சொல்ல முடியாது, ஊசியின் முன்னால் குரல் எதற்கு ஆகும். மூட்டை இருமுகிறது. "சளி நல்லா எறங்குது," என்கிறது திருப்தியாக. "அவளையும் இதைப் புடிக்கச் சொன்னா கேக்குறாளா." மூச்சே இல்லாதவளைப் போர்வைக்குள் போட்டு அவிக்க வேண்டுமாம். போய்க் குண்டானைக் கவிழ்த்தால் என்ன. காலை நீட்டினால் எட்டும். கொதிதண்ணி, நொச்சித் தழை, ஒரு அலறல், அந்த அலறல் மட்டும் என் சேகரிப்பில் இல்லை. கால் நீளவில்லை. கார்த்திகை மாசம் அந்த அலறல் கேட்டதாக அக்கா சொல்லியிருக்கிறாள். மாமனார் ஆஸ்பத்திரிக்குப் போக வாசல்வரை நடந்து வந்து ஆம்புலன்ஸில் தானே ஏறி உட்கார்ந்து கையசைத்தாராம், திரும்பி வந்தது பிளாஸ்டிக்கில் சுற்றிய ஒரு நீளம், முகத்தைத் திறக்கவில்லை, சுடுகாட்டு கேட்டுக்கு வெளியே நிற்கவைத்துக் காட்டினார்கள். "ஆசுபத்திரிக்கு அனுப்பமாட்டன், கண்ணு, அனுப்புனா திரும்பாது," என்று நேற்று சொன்னபோது அத்தை அத்தை மாதிரியே இல்லை, கடைசி வார்த்தையை மிதிக்கவில்லை, கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். தெரியும். தெரிந்தால் என்ன. உன் பயத்துக்கு என் அக்காவா. உன் பயத்தை நீயே ஆவி பிடி.

ஜன்னல் திட்டில் அத்தையின் போன் சார்ஜில் கிடக்கிறது. என் போனில் என் குரலில் கூப்பிட்டால் முதலில் பெரியவங்க யாராவது இருக்காங்களா என்பார்கள், யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்பார்கள், நான் மூட்டையைக் காட்டுவேன், மூட்டை 'யாரும் கூப்பிடலீங்க' என்னும், வண்டி திரும்பிப் போகும். பெரியவங்கதான் வேண்டும் என்றால் பெரியவங்களே பேசட்டும். எழுந்திருக்கிறேன். முழங்கால் சொடக்குப் போடுகிறது, மூட்டை அசையவில்லை. போனை எடுத்து நூற்றெட்டை அழுத்துகிறேன். மூக்கால் ஒரு இழுப்பு. நாக்கு மேலண்ணத்தில். "ஏனுங்க, வெள்ளகோவில்லருந்து பேசறனுங்க, மயிலாத்தாள்," என்கிறது என் வாய், இவ்வளவு நன்றாக ஒருநாளும் வந்ததில்லை. "என்ற மருமவளுக்கு ஏழு மாசமுங்க. கொரோனா. மெசினு வெச்சுப் பாத்தா தொண்ணூத்தொண்ணு காட்டுது, மருதாணி இல்லீங்க, நல்லா பாத்துட்டனுங்க, மூச்சு வாங்கறா, மூணு வார்த்தை சேந்தாப்பல பேச வரமாட்டேங்குது. ரத்தம் ஓ நெகட்டிவுங்க. ஏழாம் மாசத்து ஊசி இன்னும் போடலீங்க. வெசையா வண்டி அனுப்புங்க." முத்தூர் ரோடு, தண்ணித் தொட்டிக்கு எதிர்ச்சந்து, பச்சைக் கேட்டு. அங்கே இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "பதட்டப்படாதீங்கம்மா, உட்கார வெச்சே இருங்க, ஜன்னலைத் திறந்து வைங்க," என்றார். என்னை அம்மா என்றார். வைத்தேன். திரும்பினேன். மூட்டையில் சத்தம் இல்லை. தண்ணி உறிஞ்சுகிற மாதிரி வந்துகொண்டிருந்த அந்த மூச்சும் இல்லை. ஒருத்தி தன் வீட்டு ஹாலில், இருட்டில், சூட்டில் உட்கார்ந்துகொண்டு, தன் குரல் வெளியே நின்று தான் சொல்லவே சொல்லாததை எல்லாம் சொல்வதைக் கேட்டிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியாத சிரிப்பு, அது பல்லில் வந்து முட்டி நின்று வேறு எதுவோ ஆனது.

போர்வை விலகியது. முகம் வெந்து சிவந்து, நெற்றியில் நொச்சி இலை ஒட்டியிருந்தது, கண் மட்டும் வெள்ளை. அவள் வாய் திறப்பதற்குள் என் கையிலிருந்த போன் அடித்தது. பிடுங்கிக்கொண்டாள். அத்தை எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். "அம்மா, இப்ப ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டது நீங்கதானுங்களே, வண்டி கெளம்பிருச்சு. ஓ நெகட்டிவ்னு சொன்னீங்க, ஆஸ்பத்திரியில முன்னாடியே சொல்லி வெக்கணும், சரிதானுங்களா?" அத்தை என்னைப் பார்த்தாள். இல்லை என்று சொல்ல அவளுக்கு ஒரு மூச்சு போதும். பசங்க விளையாட்டுங்க, வண்டி வேண்டாம். அந்த வாக்கியம் அவள் தொண்டையில் ஏறுவது எனக்குத் தெரிந்தது, எந்த இடத்தில் மூக்கால் இழுப்பாள், எந்த வார்த்தையை மிதிப்பாள் எல்லாம் தெரிந்தது, நான் மனசுக்குள் அதை அவளுக்கு முன்னால் சொல்லிமுடித்துவிட்டேன். கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா, "அத்தை," என்றாள். மூச்சு. "யாருங்க." மூச்சு. "போன்ல." மூன்று இல்லை, இப்போது ஒன்றுக்கு ஒன்று. அத்தை கதவைப் பார்த்தாள். பிறகு போனை வாயருகே கொண்டுபோனாள். "ஆமாங்க," என்றாள். "நாந்தான் பேசுனன். ஓ நெகட்டிவ்." அவள் வாயில் அந்த வார்த்தை புதுச்செருப்பு மாதிரி கடித்தது. போனை வைத்துவிட்டு இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டே, "என்ற பேச்சு இப்படியா இருக்குது, களுதை கத்தறாப்பல," என்றாள். "இல்லீங்கத்தை, இன்னும் கொஞ்சம் மோசமா இருக்கும்," என்றேன். அடிப்பாள் என்று நின்றேன். அடிக்கவில்லை. "எல்லாம் முடியட்டும், உன்ற நாக்கை இழுத்து வெச்சு அறுக்கறன்," என்றாள், அதை மிதித்துச் சொன்னாள், எனக்கு அது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. நெற்றியில் இலையோடு வாசலுக்குப் போய்விட்டாள். நான் கதவைத் திறந்து உள்ளே போய் ஜன்னலைத் திறந்தேன், அக்காவின் முதுகில் கை வைத்து உட்கார்ந்தேன், முதுகு தறி மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. "நீயா, பண்ணுனே," என்றாள். பேசாதே என்று சைகை செய்தேன். திறந்த ஜன்னல் வழியாக வாசல் கேட்டில் அத்தை யாரோடோ பேசுவது கேட்டது. எட்டிப் பார்த்தேன், அங்கே யாரும் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்து, தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏழு மாசமுங்க. தொண்ணூத்தொண்ணுங்க. மருதாணி இல்லீங்க, நல்லா பாத்துட்டனுங்க." நான் சொன்னதையே, நான் சொன்ன வரிசையிலேயே, நான் நிறுத்திய இடத்திலேயே நிறுத்தி. "ரத்தம் ஓ நெகட்டிவுங்க. ஏழாம் மாசத்து ஊசி இன்னும் போடலீங்க," என்று வந்ததும் நின்றாள். ஏன் போடவில்லை என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். போனில் நான் அதற்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.  தொட்டிப் பக்கம் சைரன் திரும்பியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏழு மாசமுங்க என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.